பத்துக்கு ஆறு பேர்: காரமடைப் பக்கம் ஒரு தேர்தல் ஆய்வுப் பயணம், 1996

போன மாதம் ஓர் ஆய்வு மாணவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஊராட்சித் தேர்தல்கள் பற்றிக் கோயம்புத்தூர்ப் பக்கம் களப்பணி செய்யப் போகிறாராம். 1996இல் நான் காரமடையை ஒட்டிய ஒரு கிராமத்தில் செய்த ஆய்வை எங்கோ நூலகத்தில் பார்த்திருக்கிறார். எந்தப் பஸ், எங்கே தங்குவது, முதலில் யாரைப் பார்ப்பது என்று கேட்டிருந்தார். அவருக்கு மட்டும் பதில் போடுவதைவிட இங்கே எழுதினால் அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியது. பஸ் நேரம், கட்டணம் எல்லாம் என் பழைய நோட்டில் இருப்பவை, இப்போது செல்லாது. அந்த நோட்டில் நான் எழுதாமல் விட்ட பகுதிதான் இன்றைக்கும் செல்லும். அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1996 அக்டோபரில் தமிழ்நாட்டில் நீண்ட இடைவெளிக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், சென்னையில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. ஊராட்சித் தலைவர் தேர்தலில் மக்கள் எதைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள் என்பது என் தலைப்பு. தேர்தல் முடிந்தபின் போய்க் கேட்டால் தோற்றவருக்குப் போட்டதாக ஒருவரும் சொல்லமாட்டார்கள், எல்லாரும் ஜெயித்தவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அதற்கு என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு வழி வைத்திருந்தார். வேட்பாளர்களின் சின்னங்களை மட்டும் அச்சடித்த சீட்டு ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். அவர் தனியே போய், அன்றைக்குப் போட்ட சின்னத்திலேயே மறுபடி பேனாவால் குறித்து, மடித்து ஒரு டப்பாவில் போட வேண்டும். சீட்டில் பெயர் கிடையாது, நாங்களும் பார்க்க மாட்டோம். மேல்மூடியில் பிளேடால் கீறித் துளை போட்ட இரண்டு பிஸ்கட் தகர டப்பாக்களுடன் நான் கிளம்பினேன். ஊருக்குள் ஒன்று, கூலி வேலை செய்பவர்கள் குடியிருக்கும் காலனிக்கு ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது பேராசிரியரின் ஆசை.

நவம்பர் 17, ஞாயிறு இரவு ஒன்பது மணி ரயிலில் சென்னையிலிருந்து கிளம்பி, திங்கள் காலை 5.20க்குக் கோவை வந்தேன். ஸ்டேஷனிலிருந்து காந்திபுரம் மூன்று கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் ஒரு ரூபாய். காந்திபுரத்தில் மேட்டுப்பாளையம் பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று இருந்தது. 6.40க்கு ஏறி, துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் வழியாக இருபத்தெட்டு கிலோமீட்டர் போய்க் காரமடையில் இறங்கும்போது 7.45. டிக்கெட் ஐந்து ரூபாய். மடியில் இரண்டு டப்பாக்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைக் கண்டக்டர் இரண்டு தடவை பார்த்தார். அதற்குள் என்ன என்று கேட்டார். தேர்தல் வைக்கப் போகிறேன் என்றேன். இப்பத்தானே ஒன்று முடிந்தது, அதற்குள் இன்னொன்றா என்று சிரித்துக்கொண்டே லக்கேஜ் போடாமல் விட்டார்.

காரமடையிலிருந்து அந்தக் கிராமம் மேற்கே ஏழு கிலோமீட்டர். நாளைக்கு மூன்று முறை பஸ்: காலை 8.10, மதியம் 1.00, மாலை 5.30. கட்டணம் ஒன்றரை ரூபாய். ஊரின் பெயரை எழுதமாட்டேன், பின்னூட்டத்திலும் கேட்க வேண்டாம். மழை விட்டிருந்த காலை. வடக்கே நீலகிரி பாதி மேகத்துக்குள் கிடந்தது. இருபுறமும் வாழையும் கறிவேப்பிலையும். கறிவேப்பிலையை ஏக்கர் கணக்கில் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். ஜன்னல் வழியே வந்த வாசத்தில் எனக்குப் பசி எடுத்தது.

ஊராட்சி எழுத்தர் என்னைத் தோட்டத்துக்காரர் ரங்கசாமியின் வீட்டுக்கு அழைத்துப் போனார். அறுபதை நெருங்கும் மனிதர். முப்பது ஏக்கர், ஒரு டெம்போ வேன், வெள்ளை வேட்டி, குரலை உயர்த்தாத பேச்சு. நான் காரமடையில் லாட்ஜ் பார்ப்பதாகச் சொன்னதும் அவர் மனைவி ருக்மணியம்மா மறுத்துவிட்டார். ஒற்றைப் பெண் லாட்ஜில் தங்குவதாவது, இங்கே நாலு அறை சும்மா கிடக்கிறது என்று என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். ஐந்து நாளும் அங்கேதான் சாப்பாடு, தூக்கம். காசு என்ற பேச்சை எடுத்தபோது அந்தம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. நான் சீக்கிரம் அவருக்குக் ‘கண்ணு’ ஆகிவிட்டேன்: ‘கண்ணு, இன்னொரு கரண்டி போட்டுக்க.’

தேர்தலில் தோற்றது ரங்கசாமியின் தம்பி மகன். அதை அவரே முதல் நாள் சொன்னார். இரண்டே வேட்பாளர்கள். தம்பி மகனுக்குப் பூட்டுசாவிச் சின்னம், எதிர்த்து நின்ற உரக்கடை ராமலிங்கத்துக்குக் கத்தரிக்கோல். இருவரும் தோட்டத்துக்காரக் குடும்பங்கள், பங்காளிகள்கூட. பூட்டுசாவி 393, கத்தரிக்கோல் 412. பத்தொன்பது ஓட்டில் போயிற்று. ‘எலெக்சன்னா ஒருத்தன் தோக்கோணுமில்லீங்களா அம்மணி’ என்றார். நான் அன்று மாலை நோட்டில், ‘தோல்வியை ஏற்கும் பண்பு, இங்கே ஜனநாயகம் ஊன்றிவிட்டது’ என்று எழுதினேன். இப்போது அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடத் தோன்றும். கிழிப்பதில்லை, எனக்கு அது வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊராட்சிக்கு ஒரே வாக்குச்சாவடிதான், பள்ளிக்கூடம். ஊர்க்காரர்களும் காலனிக்காரர்களும் ஒரே பெட்டியில்தான் போட்டார்கள். எண்ணும்போது எல்லாம் ஒன்றாகக் கொட்டித்தான் எண்ணினார்கள். எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று கண்டுபிடிக்க ஒருவராலும் முடியாது. சாவடியில் உட்கார்ந்த ஏஜெண்டுகள், வந்தவர் பெயரைப் பட்டியலில் அடித்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் ஊரிலிருந்து 640 பேர், காலனியிலிருந்து 165 பேர் வந்தது மட்டும் இரு தரப்புக்கும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

காலனி ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி. திங்கள் மாலையே நடந்து போனேன். என்னை முதலில் நிறுத்திப் பேசியது எஸ்தர். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. ரங்கசாமியின் தோட்டத்தில் கறிவேப்பிலை பறிக்கும் வேலை. மகள் மெர்சி காரமடையில் பத்தாம் வகுப்பு, அந்தக் காலனியிலேயே பத்தாம் வகுப்பு வரை வந்த முதல் பெண். மார்ச்சில் பொதுத் தேர்வு. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை எஸ்தர் அந்தத் தேர்வுக்கு வந்துவிடுவார்.

எஸ்தர்தான் ஒரு விஷயத்தைச் சொன்னார். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் ரங்கசாமியின் ஆட்கள் காலனிக்கு வந்து வீட்டுக்கு வீடு சத்தியம் வாங்கியிருக்கிறார்கள், பூட்டுசாவிக்குத்தான் போடுவோம் என்று. மாரியம்மன் கோயிலைக் கும்பிடும் வீடுகளுக்குக் கற்பூரம். கிறிஸ்தவ வீடுகளுக்குப் பைபிள். மறக்காமல் இரண்டையும் கொண்டு வந்திருந்தார்களாம். அவரவர் சாமி அவரவர்க்கு. அந்த ஏற்பாட்டில் ஓர் ஒழுங்கு இருந்ததை நான் ஆய்வாளராகக் குறித்துக்கொண்டேன்.

மக்கள் என் சீட்டை வாங்கத் தயங்கினார்கள். யார் எதற்குப் போட்டார் என்பது எனக்கே தெரியாது, பெயர் இல்லை, எங்கேயும் போகாது என்று நான் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. எஸ்தர் முதலில் போட்டார். பிறகு அவரே வீடு வீடாக என்னுடன் வந்து, இந்த டீச்சர் சொன்னால் சொன்னதுதான் என்றார். படித்த பெண் யாராக இருந்தாலும் அங்கே டீச்சர்தான். இரண்டு நாளில் காலனியில் ஐம்பது சீட்டு, மூன்றாம் நாள் ஊருக்குள் அறுபது. எஸ்தர் வீட்டிலேயே உட்கார்ந்து காலனி டப்பாவைத் திறந்து எண்ணினேன். ஐம்பதில் நாற்பத்தேழு கத்தரிக்கோல்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலையும் கூலியும் ஒருவர் கையில், சத்தியமும் அவருக்கே. ஓட்டு மட்டும் வேறு பக்கம். ஆய்வேட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? எஸ்தரிடம் நேராகவே கேட்டேன், ராமலிங்கம் உங்களுக்கு ஏதாவது செய்வதாகச் சொன்னாரா என்று.

“இல்லீங்க டீச்சர். அவரு செயிச்சாலும் எங்களுக்கு ஒண்ணும் செய்யமாட்டாருங்க. அது தெரியும். பைபிள் மேல கைய வெச்சுப்போட்டுத்தான் மாத்திக் குத்துனேனுங்க. அதை நான் கர்த்தர்கிட்டப் பேசிக்கறேன். ஒருக்காலாச்சும் நம்ம கை நாம சொன்னபடி கேக்கோணுமில்லீங்களா.”

இத்தனை வருடம் அரசியல் அறிவியல் பாடம் நடத்திவிட்டேன். வாக்குரிமை என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

நான்காம் நாள், வியாழன் காலை ஏழரை மணி. ருக்மணியம்மா சந்தகை பிழிந்திருந்தார். எங்கள் பக்கத்து இடியாப்பத்துக்கு அக்கா மாதிரி, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிச் சாப்பிட வேண்டும். ரங்கசாமி எதிரே உட்கார்ந்திருந்தார். வேலை எல்லாம் எந்த மட்டில் என்று கேட்டார். நான் உஷாராகத்தான் இருந்தேன். சீட்டில் பெயரே கிடையாது, யார் என்ன போட்டார்கள் என்று சொல்லக் கூடாது, அது எங்கள் விதி என்றேன்.

“பேரெல்லாம் நமக்கு எதுக்குங்க அம்மணி. அது தப்புங்க. சும்மா பொதுவா, சனம் என்ன நெனைக்குதுன்னு கேட்டேனுங்க.”

காலனியைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். ஆனால் நாலு நாளாக இவர்கள் சோறு போடுகிறார்கள். தம்பி மகன் தோற்றதில் அந்த வீட்டில் ஒரு வருத்தம் இருக்கிறது. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன என்று தோன்றியது. அந்த நல்ல வார்த்தையை நான் சொன்னேன்.

“ஊருக்குள்ளே உங்க தம்பி பையன்தான் முன்னாடி இருக்கார் அய்யா. பத்துக்கு ஆறு பேர் அவருக்குத்தான் போட்டிருக்காங்க.”

அவர் இடது கை விரல்கள் மேசை மேல் ஒரு நிமிடம் அசைந்தன. பிறகு, “அப்படிங்களா, சந்தோசமுங்க” என்றார். மனைவியைக் கூப்பிட்டு, அம்மணிக்கு இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றச் சொன்னார்.

எனக்கு அது உறைக்கவே இல்லை. புள்ளியியல் தாளில் முதல் வகுப்பு வாங்கியவள் நான். நீங்களே போட்டுப் பாருங்கள். ஊரில் 640 பேர். பத்துக்கு ஆறு என்றால் பூட்டுசாவிக்கு ஊருக்குள்ளேயே 384. மொத்தம் வந்தது 393. காலனியிலிருந்து வந்தது ஒன்பதே ஒன்பது. நூற்று அறுபத்தைந்து பேர் சத்தியம் செய்து, ஒன்பது பேர் காப்பாற்றியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பெட்டி ஒன்றாகக் கலந்து மறைத்து வைத்திருந்ததை, காலனி என்ற சொல்லையே உச்சரிக்காமல் நான் பிரித்துக் கொடுத்துவிட்டேன். ரங்கசாமியின் பள்ளிக்கூடப் படிப்பு ஐந்தாம் வகுப்பு.

வெள்ளிக்கிழமை காலை விடைபெறலாம் என்று ஆறரை மணிக்கே காலனிக்குப் போனேன். தினமும் அந்த நேரத்துக்கு ரங்கசாமியின் டெம்போ வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். பெண்கள் தூக்குப் பாத்திரங்களோடு ரோட்டோரம் நின்றிருந்தார்கள். ஆறே முக்காலுக்கு வண்டி வந்தது. நிற்கவில்லை. உள்ளே வேறு பெண்கள் இருந்தார்கள், சிறுமுகைப் பக்கம் போய் ஏற்றி வந்தவர்கள். அடுத்த தோட்டத்து டிராக்டரும் அதேபோலத் தாண்டிப் போயிற்று. நான் ஓடிப்போய்த் திருப்பத்தில் டெம்போவைக் கைகாட்டி நிறுத்தினேன். டிரைவர் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார். “மொதலாளி ரூட்ட மாத்திப்போட்டாருங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க.”

அந்தத் திருப்பத்தில் நின்றபோதுதான் நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்து எஸ்தரிடம் சொன்னேன். மறைக்க நினைக்கவில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்ள மாட்டேன். அவரே எப்படியும் கேட்டிருப்பார். பேரு சொன்னீங்களா என்றார். இல்லை. எங்களில் எத்தனை பேர் மாற்றிப் போட்டோம் என்று சொன்னீர்களா? இல்லவே இல்லை, ஊருக்குள் என்ன நிலவரம் என்று மட்டும்தான் சொன்னேன். எஸ்தர் தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். “அது போதுமுங்க டீச்சர்” என்றார். மெர்சி சீருடையில் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

நேரே ரங்கசாமியிடம் போனேன். நான் சொன்னது அறுபது பேரை வைத்துப் போட்ட உத்தேசம், தப்பாகவும் இருக்கலாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. ஆள் மாற்றுவது எல்லாத் தோட்டத்திலும் உள்ளதுதான், இதில் நீங்கள் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று தன்மையாகச் சொல்லி, காபி கொண்டுவரச் சொன்னார். அவர் ஒரு தடவை கத்தியிருந்தால் எனக்குப் பதிலுக்குக் கத்தத் தெரிந்திருக்கும். அந்த மரியாதையை எந்தப் பக்கத்தில் பிடித்து உலுக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. காபியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்து ராமலிங்கம். காலனி ஓட்டு இல்லாமல் அவர் தலைவரே ஆகியிருக்க முடியாது, அவருக்கும் இருபது ஏக்கர் இருக்கிறது, அவர் வேலை கொடுக்கலாமே. இதுதான் என் நியாயம். பதினொரு மணிக்கு உரக்கடையில் பார்த்தேன். கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். முழுக்கக் கேட்டார்.

“அவிங்க எனக்குப் போட்டது எனக்கு உபகாரந்தானுங்க. இல்லீன்னு சொல்லுல. ஆனா சத்தியம் பண்ணிக் குடுத்துப்போட்டு மாத்திப் போட்டிருக்காங்க பாருங்க. அந்த மாதிரி ஆளுகளத் தோட்டத்துக்குள்ள எப்படிங்க உடறது?”

ஆட்சியியல், தேர்தல், பிரதிநிதித்துவம் என்று நான் படித்தது அத்தனையும் அந்த உரக்கடை வாசலில் கொட்டிப்போயிற்று. தோற்றவரும் ஜெயித்தவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. காலனிக்காரர்களுக்கு ஓட்டு இருந்தது. அதை வாங்கியவருக்கு அவர்கள் வேண்டியதில்லை.

மதியம் 1.00 பஸ் அங்கிருந்து திரும்பும்போது 1.25 ஆகிவிடும். அதைப் பிடித்துக் காரமடை வந்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேராசிரியரை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். காலனி டப்பாவின் தரவு பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் மூன்று மாதம் கழித்து அதே ஆட்களிடம் இரண்டாம் சுற்று எடுத்துவிடு, அழுத்தத்துக்குப் பிறகு விருப்பம் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம், அருமையான ஒப்பீடு என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் மேல் அக்கறை உள்ளவர்தான். பூத் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு சரி சார் என்றேன்.

1997 பிப்ரவரி கடைசி வாரம் மறுபடி போனேன். காரமடை ரங்கநாதர் கோயில் மாசித் தேர் அப்போதுதான் முடிந்திருந்தது. காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியதாயிற்று, காரமடை வரை நின்றுகொண்டே பயணம். தேர் வாரத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் வேலைக்குப் போகாதீர்கள், சாமி கும்பிடப் போங்கள். இந்த முறை ரங்கசாமி வீட்டில் தங்கவில்லை. காரமடையில் ஒரு லாட்ஜ், நாளைக்கு எண்பது ரூபாய், குழாயில் காலை ஆறு முதல் எட்டு வரை தண்ணீர் வரும்.

காலனியில் மூன்றுக்கு ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. சிலர் தடாகம் பக்கம் செங்கல் சூளைக்கும், சிலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போய்விட்டார்கள். ஐம்பது பேரில் முப்பத்தொரு பேர்தான் இருந்தார்கள். எஸ்தர் இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் காரமடையில் கட்டட வேலை, நின்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். மெர்சி பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு பஞ்சாலையில் சேர்ந்து, அங்கேயே விடுதியில் இருக்கிறாள். தை மாதத்திலேயே படிப்பை நிறுத்தியாயிற்று. ஒரு மாதத்தில் தேர்வு என்ற பேச்சை அவர் ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

நான் டப்பாவை வெளியே எடுக்கவே கூசினேன். பேராசிரியரிடம் யாரும் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். எஸ்தர்தான் சீட்டைக் கொடுங்கள் என்று கை நீட்டினார். மற்றவர்களையும் அவரே கூப்பிட்டு வந்தார். மாரியம்மன் கோயில் முன்னால் எல்லாரும் கூடிவிட்டார்கள். தனியே போய்க் குறிக்கலாம் என்று வழக்கம்போல் சொன்னேன். எஸ்தர் எங்கும் போகவில்லை. என் முன்னாலேயே பூட்டுசாவியின் மேல் குறி போட்டார். மடிக்காமல், என் முகத்துக்கு நேரே, பிறகு மற்றவர்களுக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார்.

“நல்லாப் பாத்துக்கோங்க டீச்சர். பூட்டுசாவி. போயித் தோட்டத்துல சொல்லிப்போடுங்க.”

முப்பத்தொரு பேரும் அப்படியே செய்தார்கள். ஒரு கிழவர் எழுதத் தெரியாமல் பெருவிரலில் மையைத் தொட்டு வைத்துக் காட்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் என்னைத் திட்டவும் இல்லை. நான் கொண்டுபோன தகவலால் போன வேலையை, நான் கொண்டுபோகப் போகும் தகவலால் திரும்ப வாங்கப் பார்த்தார்கள். அவர்களுக்கு அந்த ஊரில் வேறு தூதர் இல்லை. நான் அழுதேன். அது யாருக்கும் ஒரு உபயோகமும் இல்லாத அழுகை.

சொன்னேன். தோட்டத்துக்குப் போய், ரங்கசாமி எதிரே நின்று, காலனியில் அத்தனை பேரும் பூட்டுசாவிக்குப் போட்டார்கள், என் கண்ணால் பார்த்தேன் என்றேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த ஆய்வறிக்கைகளிலேயே உடனடியாகப் பலன் தந்தது அதுதான். அவர் ஆச்சரியப்படவில்லை. “சரிங்க அம்மணி. அவிங்களும் பொழைக்கோணுமில்லீங்களா. நாளைக்கு வண்டி வருமுங்க” என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார் ருக்மணியம்மா. சாப்பிடவில்லை. முதல் தடவையே செய்திருக்க வேண்டியது.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் காரமடையிலிருந்து நாற்பது ரூபாய் கொடுத்து ஆட்டோவில் போய்க் காலனித் திருப்பத்தில் நின்றேன். ஆறே முக்காலுக்கு டெம்போ வந்தது, நின்றது. எஸ்தர் ஏறினார். கூலி முன்பைவிடக் குறைவு என்று பிறகு கேள்விப்பட்டேன். மெர்சி திரும்பி வரவில்லை. பஞ்சாலையில் மூன்று வருடத்துக்கு எழுதி வாங்கியிருந்தார்கள்.

ஆய்வேட்டில் இந்த ஊர் ‘கிராமம் மூன்று’. இரண்டாம் சுற்று அட்டவணையும் அதில் இருக்கிறது. சீட்டுகள் இரகசியமாகப் பெறப்பட்டவை என்று அடிக்குறிப்பு சொல்லும். பொய். அதை நீக்கினால் மூன்று வருட உழைப்பில் பாதி போய்விடும் என்று பயந்தேன், நீக்கவில்லை. 1999இல் பட்டம் கிடைத்தது. வேலையும் கிடைத்தது. இந்த அட்டவணையை மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பத்தியையும் படித்துவிட்டுக் காட்டுங்கள்.

இனி, போகிறவர்களுக்கு. நவம்பரில் போனால் குடையும், தாள்களைச் சுற்ற பிளாஸ்டிக் உறையும் கொண்டுபோங்கள். பஸ் நேரத்தைக் காரமடை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், பலகையை நம்ப வேண்டாம். ஊரில் யார் வீட்டிலும் தங்காதீர்கள், எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் சரி. உண்மையில் அன்பாகத்தான் கூப்பிடுவார்கள், அதனால்தான் சொல்கிறேன். ஒரே வாக்குச்சாவடி உள்ள ஊரில் தெருவாரியாகத் தரவு எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்று வழிகாட்டி சொன்னால் வழிகாட்டியை மாற்றுங்கள். பெயரை மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ‘பொதுவா எப்படி’ என்று யாராவது கேட்டால், ஒரு பகுதியைப் பற்றி நீங்கள் சொல்வது மீதிப் பகுதியைப் பற்றியும் சொல்லிவிடும். கேட்பவர் உங்களைவிட நன்றாகக் கழிப்பார்.

இன்னொன்று. 1998 நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஜனவரியில் என் துறை முகவரிக்கு ரங்கசாமியிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. அழகான கையெழுத்து. வீட்டில் எல்லாரும் சௌக்கியம், ருக்மணி உங்களை விசாரித்தாள் என்று தொடங்கி, எலெக்சன் முடிந்ததும் நீங்கள் போன தடவை மாதிரி வந்து போனால் ஊருக்கு உபயோகமாக இருக்கும் என்று எழுதியிருந்தார். வர முடியாவிட்டால் பரவாயில்லையாம். ‘அந்தச் சீட்டில் ஒரு மாதிரி மட்டும் தபாலில் அனுப்பி வைக்கவும். மற்றதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.’

நான் அனுப்பவில்லை. அந்தச் சீட்டில் என்ன இருக்கிறது? பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்கள். யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம்.